அம்மா குரலுக்கும் திறக்காத கதவு

ஸ்பெயினில் இருக்கும் என் வீட்டில் இதுவரை பன்னிரண்டு அமெரிக்கப் பிள்ளைகள் தங்கிப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குடித்துவிட்டு என் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தவன் உண்டு. வந்த நாள் முதல் போன நாள் வரை ரொட்டியும் வாழைப்பழமும் மட்டுமே தின்றவள் உண்டு. பயந்தாங்கொள்ளி என்றால் அது டெலேனி ஒருத்திதான். ஓஹாயோவில் ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரி, இருபது வயது. என் சமையலறைக் கதவில் தலை இடிக்கும் உயரம். அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஏன் இவ்வளவு பயம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஜனவரிக் கடைசியில் வந்து இறங்கினாள். நான் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்கப் போனேன், அவள் கை குலுக்க நீட்டினாள், கை என் வயிற்றில் இடித்தது.

"மன்னிச்சிடுங்க, உங்களை நான்..."

"நீன்னே கூப்பிடு, அழகி. நீங்கன்னா எனக்குப் பத்து வயசு கூடிப் போகுது."

வீட்டைக் காட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் முதலில் இணைய வசதியைத்தான் கேட்பார்கள். இவள் குளியலறை வாசலில் நின்று, "இது உள்பக்கமா பூட்டுமா? ஜன்னல் இருக்கா?" என்றாள்.

"பூட்டும். ஜன்னல் கிடையாது. கவலைப்படாதே, உன்னை எட்டிப் பார்க்க இங்க எவனுக்கும் நேரமில்ல."

கூச்சக்காரி என்று முடிவு கட்டிவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வழக்கப்படி சோற்றில் நத்தை போட்டுச் சமைத்தால் பயம். நான் அக்காவோடு போனில் பேசினால் சண்டை என்று பயம். சாப்பிடும்போது வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவாள். வீட்டுக்குள்ளும் காலணியைக் கழற்ற மாட்டாள். "தூங்கும்போதாவது கழட்டுவியா, இல்ல அதோடவே பொறந்தியா?" என்று கேட்டேன். சிரித்தாள், கழற்றவில்லை.

ஆனால் என் ஆறு வயது மகள் நெவுஸுக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவள் அப்பன் எங்களை விட்டுப் போய் நாலு வருடமாகிறது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு சிகை அலங்காரக் கடை, வேலையை விட்டு நகர முடியாது. டெலேனி தானாகவே முன்வந்து, தினமும் ஐந்து மணிக்கு நெவுஸைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தாள். தெருவைக் கடக்கும்போது குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருப்பாளே தவிர விரலைப் பிடிக்க மாட்டாள். அதைப் பார்த்துத்தான் பிள்ளையை நம்பி ஒப்படைத்தேன்.

மார்ச் பிறந்தால் எங்கள் வலென்சியாவில் வெடிச் சத்தத்துக்கு ஓய்வே கிடையாது. சூசையப்பர் திருநாள் முடிகிற வரை அப்படித்தான். பால்பல் விழாத வாண்டுகூட கழுத்தில் மரப்பெட்டி நிறைய வெடியும் கையில் புகையும் திரியுமாக அலையும். சோற்றில் உப்பு போடுவோம் என்று விருந்தாளியிடம் யாராவது சொல்லி வைப்பார்களா? நானும் சொல்லவில்லை. வெடி ஆரம்பித்த வாரத்தில் டெலேனி வகுப்புத் தோழிகளோடு கிரனாடா போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில்தான் திரும்பினாள், வந்ததும் ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரிக்கு ஓடினாள்.

அன்று மாலை கடையில் திருநாள் கொண்டை போட ஏழு பெண்கள் வரிசையில் இருந்தார்கள். ஐந்து மணிக்கு டெலேனி வழக்கம்போல நெவுஸைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள். மாடிப்படியில் வெடிச் சத்தம் கேட்டது, நாலைந்து தடவை. மூன்றாம் மாடி வோரோவின் இரட்டைப் பெண்கள்தான், வேறு யார்? பஸ் ஓட்டுகிறவன் பெற்ற பிள்ளைகளுக்கு ஹாரன் சத்தம் போதாது போலிருக்கிறது என்றேன். கடையே சிரித்தது.

ஆறு மணிக்கு நெவுஸுக்குப் பூசணிப் பணியாரம் எடுத்துக்கொண்டு மேலே போனேன். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ கனமாக முட்டுக் கொடுத்திருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. டெலேனிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை, உள்ளே மணியும் கேட்கவில்லை.

என் மகள் தூக்கத்தில்கூட வாய் மூடாதவள். அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சமையலறையில் காலையில்தான் புது எரிவாயு உருளை மாட்டியிருந்தேன். இரண்டு பேரும் தரையில் கிடப்பது கண்ணுக்குள் தெரிந்தது. "வோரோ!" என்று நான் போட்ட கூச்சலில் அவன் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தான்.

அவன் தோளால் இடித்தான். மூன்றாவது இடியில் உள்ளே காலணி அலமாரி சரிந்து விழுந்தது. வாயு நாற்றம் இல்லை. கூடத்தில் யாரும் இல்லை. குளியலறை மட்டும் பூட்டிக் கிடந்தது, கீழிடுக்கில் வெளிச்சம் இல்லை.

"நெவுஸ்! அம்மாடி, கதவைத் திற! அம்மாடா!"

உள்ளே யாரோ ஒரு வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது. என் பிள்ளையின் வாய். யார் என் குழந்தையின் வாயைப் பொத்துகிறார்கள்? கொண்டையூசி என் சட்டையிலேயே குத்தியிருந்தது. அதைப் பூட்டின் பள்ளத்தில் விட்டுத் திருகினேன், கதவு திறந்தது.

நெவுஸ் குளியல் தொட்டிக்குள் படுத்திருந்தாள், மேலே வீட்டிலிருந்த அத்தனை துண்டுகளும். அவளை முழங்காலால் மறைத்தபடி டெலேனி நின்றாள். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் பீங்கான் மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தும் இறக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். வோரோ நுரை முகத்தோடு இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"எத்தனை பேர் செத்தாங்க?" என்றாள் டெலேனி.

அந்த நேரம் பார்த்துக் கீழே இன்னொரு வெடி. அவள் மூடியைப் போட்டுவிட்டு என் மகள் மேல் கவிழ்ந்து விழுந்தாள். மூடி சுக்கு நூறாகியது. படியில் இரட்டைப் பெண்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

நெவுஸைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். உயிர் போய் உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. "என் குரல் கேக்கலையாடி உனக்கு? பெத்தவ தொண்டை கிழியக் கத்தறேன், பிள்ளை வாயைப் பொத்துவியா? வெடிடீ அது! வெறும் வெடி! நீ இன்னிக்கே கெளம்பு!"

அவள் தரையில் உட்கார்ந்தாள். தெரிந்த ஸ்பானியச் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள்.

"கேட்டுச்சு. அம்மா கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. துப்பாக்கிக்காரன் பின்னாடி நின்னுக்கிட்டு அம்மாவைக் கூப்பிட வைப்பான். விளக்கை அணைக்கணும், போன் சத்தத்தை நிறுத்தணும், கதவுக்கு முட்டுக் கொடுக்கணும், சின்னப் பிள்ளைங்க அழாம பார்த்துக்கணும்."

"யாரு சொன்னா இதையெல்லாம்?"

"பள்ளிக்கூடத்துல. துப்பாக்கிக்காரன் உள்ளே நுழைஞ்சா என்ன செய்யணும்னு. அஞ்சு வயசுலேர்ந்து. எல்லா வருஷமும் செஞ்சு பார்ப்போம்."

"அஞ்சு வயசுலயா?" என்றான் வோரோ.

மாணவர்களை அனுப்பி வைக்கும் அலுவலகத்தைக் கூப்பிட எடுத்த போனை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியாது. அவள் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் ஒவ்வொரு சட்டையாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். இந்தப் பெண்ணையா கூச்சக்காரி என்றோம் என்று எனக்கு அவமானமாக இருந்தது.

ஊர் வெடியை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து வோரோவின் பெண்கள் திரியைக் கிள்ளுவதற்கு முன் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்கள்: "டெலேனி! இப்ப ஒண்ணு! பெருசு!" அவள் பால்கனியில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "சரி!" என்பாள். திருநாள் முடியும்போது ஒரே ஒரு சிறு வெடியைத் தானே கொளுத்தினாள். கொளுத்திவிட்டு அழுதாள். மே மாதம் ஊருக்குப் போகும்போது என் இரண்டு கன்னத்திலும் சரியாக முத்தம் கொடுத்தாள்.

அவள் போன மறுவாரம் நெவுஸ் குளித்துக்கொண்டிருந்தாள். துண்டு கொடுக்கப் போனேன், கதவு பூட்டியிருந்தது. ஆறு வயதுவரை கதவைச் சாத்திக்கூடக் குளிக்காத பிள்ளை.

"நெவுஸ், அம்மாடா. திற."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. விளக்கு அணைந்தது.

"அம்மா," என்றாள் மெல்ல, "உன் பின்னாடி யாராவது நிக்கறாங்களா?"

"யாரும் இல்ல, கண்ணு."

அவள் திறக்கவில்லை. நான் துண்டோடு நின்றேன். பிறகு திரும்பிப் பார்த்தேன்.