குழாய்க்குக் கட்டிய பாவாடை

நான் தொட்டால் முரண்டு பிடிக்கும் கருவி, அவன் தொட்டால் சமர்த்தாகிவிடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காற்றில் எந்த வாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கருவிகளைப் பழுதுபார்த்து, அளவு சரிபார்ப்பது எங்கள் இருவருக்கும் வேலை. நான் நாகர்கோவில் அலுவலகத்தில் பல வருஷமாகக் கிடக்கிறவள். அவன் மயிலாடிக்காரன், என்னைவிட இளையவன், வளைகுடாவில் ஒரு எண்ணெய் ஆலையில் இதே வேலை பார்த்துவிட்டு வந்து சேர்ந்தவன். வந்த நாளிலிருந்து அதிகாரிக்கு அவன்தான் எல்லாம். நான் எதையாவது சொன்னால், "தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்கம்மா" என்பார். தம்பியும் சும்மா இருக்கமாட்டான். "அக்கா சொன்னது செரிதான் சார்" என்று எனக்குச் சான்றிதழ் கொடுப்பான். கேட்டால் வயிறு எரியும்.

அருமனையில் புதிதாகக் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று வைத்தார்கள். என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். அதன் பொறுப்பு கிடைத்தால், தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போக வேண்டாம். கிடைத்த மாதிரிதான் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். அங்கிருக்கும் ஓசோன் கருவி சரியாக ஓடட்டும், பிறகு பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்யலாம் என்றார் அதிகாரி. ஓட வைக்க அவனை அனுப்பினார். என்னையும் கூட அனுப்பினார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத்தான் என்று எனக்குப் புரிந்தது.

வெயில் ஏற ஏற ஓசோனும் ஏற வேண்டும். நாகர்கோவிலில் ஏறியது, அருமனையில் அசையாமல் கிடந்தது. அவன் ஓசோனே இல்லாத காற்றைக் கருவியின் பின்பக்கத்தில் கொடுத்தான், பூஜ்யம் காட்டியது. அளவு தெரிந்த ஓசோனைக் கொடுத்தான், அந்த அளவையே காட்டியது. மொட்டைமாடியிலிருந்து வெளிக்காற்றை இழுத்துவரும் குழாயின் வாயை அடைத்துப் பார்த்தான், கசிவும் இல்லை. கருவியின் உள்விளக்கை மாற்றினான், வடிகட்டியை மாற்றினான். வெளிக்காற்றைத் திறந்துவிட்டால் பழைய கதைதான். அவன் நெற்றி வேர்த்ததைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆனந்தம். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "வளைகுடாவுல இதெல்லாம் எப்பிடித் தம்பி பாப்பிய?" என்றேன்.

"அங்கயும் இப்பிடித்தான் முழிப்போம் அக்கா" என்றான். நான் குத்தியது அவனுக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் அவன் வந்து சேருமுன் நான் மாடிக்குப் போனேன். குழாய் வளைகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தது. முந்தின நாள் அவனும் அதைப் பார்த்தான், நிலையம் அமைத்தவர்களே மழைக்காக வைத்தது என்று விட்டுவிட்டான். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் தண்ணீர் இறங்காமலிருக்க இதைத்தான் கட்டுவார்கள், சுருக்கம் வைத்து, மேல்விளிம்பில் தார் பூசி. ரப்பர் மரத்தின் பாவாடைக்குக் குழாயில் என்ன வேலை? கட்டடத்தின் காவலாளியைக் கூப்பிட்டேன். விடியற்காலையில் ரப்பர் வெட்டிவிட்டு வேலைக்கு வருகிறவர்.

"தெங்கோல விழுந்து குழாய் விட்டுப் போச்சு மக்கா. நாந்தான் நல்ல ரப்பர் குழாய் ஒரு துண்டு வச்சு முட்டிச்சேன். மழவெள்ளம் கேறாம பாவாடையும் கெட்டினேன். கொள்ளாம் இல்லியா?" என்றார், நன்றாயிருக்கிறது என்று நான் சொல்வதை எதிர்பார்த்து.

பாவாடையைத் தூக்கினேன். தென்னை ஓலை விழுந்து பிரிந்த குழாயை இணைக்க அவர் இழுத்துப் பொருத்திய ரப்பர் துண்டின் மேல்தோலில் குறுக்கே பொடிப்பொடியாக வெடிப்பு. ஓசோன் ரப்பரைத் தின்னும், தின்னும்போது தானும் தீர்ந்துபோகும். அதனால்தான் அங்கே ஓசோன் தின்னாத டெஃப்ளான் குழாய் போடுவது. ஓசோனெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டால் கருவி எதைக் காட்டும்? சரிபார்க்கும் வாயுவை நேராகக் கருவியிலேயே கொடுத்ததால் இந்தக் கோளாறு அவனிடம் மாட்டவில்லை.

பாவாடையை இறக்கிவிட்டுக் கீழே வந்தேன். அவன் வந்ததும் சொல்லவில்லை. மதியம் அதிகாரி வருவதாக இருந்தது, அவர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை அவன் கருவியைப் பிரித்துப் போட்டுத் தேடினான். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.

அதிகாரி வந்ததும் இருவரையும் மாடிக்கு அழைத்துப்போய்த் துண்டை உருவிக் காட்டினேன். புது டெஃப்ளான் குழாயை மாட்டியதும் எண் ஏறத் தொடங்கியது. "அப்போ இங்க நீங்களே பாத்துக்கிடுங்கம்மா" என்றார் அதிகாரி. நான் அவன் முகத்தைத்தான் பார்த்தேன், சிறுத்துப்போயிருக்கும் என்று. அவன் வெயிலில் குந்தியிருந்து அந்தத் துண்டை வளைத்து வளைத்து, வெடிப்பு வாய் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இத்தன வருசத்துல இப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்ல அக்கா. இத நான் எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்கோ."

"பாவாடையத் தூக்கி இந்த வெடிப்பப் பாத்தப்ப ஒங்களுக்கு எப்பிடி இருந்துச்சு அக்கா?"

வெடிப்பைக் கண்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது, தோற்றுப்போய் நிற்கப்போகும் அவன் முகம்தான். வேறு எதுவும் வரவில்லை.

இப்போது அருமனை நிலையம் என் பொறுப்பில் இருக்கிறது. நடந்தேதான் போகிறேன். அந்த ரப்பர் துண்டு நாகர்கோவிலில் அவன் மேசைமேல் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "எங்க அக்கா கண்டுபிடிச்சது" என்று வளைத்துக் காட்டிச் சிரிக்கிறானாம். கண்டுபிடித்தது நான்தான். அந்தச் சந்தோஷம் மட்டும் அவனிடம் இருக்கிறது, அதைத் திருப்பித் தா என்று எப்படிக் கேட்பது?