திறக்காத கார்க் கதவும் நான் சொன்ன பதிலும்

கொழும்பில் கார்க் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் நான்கு கதவிலும் ஒரே நேரத்தில் 'டக்' என்று கேட்கும். யாரும் கை வைப்பதில்லை. முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என்னை எங்கோ பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றே நினைத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பகலில் யாரும் கதவு பூட்டுவதில்லை. பூட்டினால், வீட்டில் என்ன சண்டை என்று அடுத்த காம்பராவில் இருந்து கேட்டு வருவார்கள். இங்கே பூட்டாவிட்டால்தான் கேட்கிறார்கள். ஆனால் இதே ஊரில் சந்திக்குச் சந்தி ஒரு ராணுவச் சோதனைச் சாவடி. யுத்தம் திரும்பவும் தொடங்கிய பிறகு இன்னும் கூடிவிட்டது. ஆமிக்காரர் கை காட்டியதும் கண்ணாடியை இறக்கி, அடையாள அட்டையை நீட்டி, இறங்கச் சொன்னால் அந்த நொடியே இறங்கிவிட வேண்டும். பூட்டியும் இருக்க வேண்டும், கேட்டதும் திறக்கவும் வேண்டும். அப்படித் திறக்காமல் போன ஒரு காரைப் பற்றித் தோட்டத்தில் இதை வாசிக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கொழும்புக்கு இறங்கி வந்தவர்களுக்கும் எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. வாகன மின்சார வேலையை இங்கிலீஷில் படித்துச் சான்றிதழ் வாங்கி, கிராண்ட்பாஸில் ரஸாக் நானாவின் கராஜில் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவரும் புடவைக் கடைகளில் வேலைக்கு நின்ற எங்கள் பக்கத்து ஆட்கள். நான் மட்டும் சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வேலைக்குப் போவேன். நானா என்னை "இங்கிலீஷ் பாஸ்" என்றுதான் கூப்பிடுவார். பாஸ் என்றால் இங்கே மேசன், தச்சன், மெக்கானிக் எல்லாருக்கும் பொதுவான மரியாதைப் பெயர். முன்னால் இங்கிலீஷைச் சேர்த்தால் நக்கல்.

எங்கள் அறைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீதியில் யார் மறித்தாலும், அவர் வாயைத் திறக்கும் முன்பே "ஹட்டன், வத்தே" என்று சிங்களத்தில் சொல்லிவிடுவோம். ஹட்டன், தோட்டம். தமிழர்தான், ஆனால் நீங்கள் தேடும் தமிழர் இல்லை என்பது அதன் அர்த்தம். அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக எங்களில் யாரும் நினைத்ததில்லை. மழைக்குக் குடை விரிப்பது போல அது வாயில் இருந்து தானாக வரும்.

வெள்ளவத்தையில் சிவபாதம் மாஸ்டரின் காரைப் பார்க்க நானா என்னை அனுப்பினார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வீட்டிலேயே கணக்கு டியூஷன் கொடுப்பவர். ஜப்பானில் பாவித்துப் பிறகு இங்கே இறக்கிய பழைய கார். கதவுகள் நினைத்தபோது பூட்டிக்கொண்டன, நினைத்தபோது திறக்க மறுத்தன. "சென்றியிலை இப்பிடி நிண்டா என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியும்தானே தம்பி," என்றார். சோதனைச் சாவடியைத்தான் சென்றி என்றார். அவருடைய பயம் முழுதும் அதுதான். வேறு வேலையாக நான் போன சில வீடுகளில் தோட்டத்து ஆள் என்று பின்பக்கத்தால் வரச் சொல்வார்கள், தேத்தண்ணியைத் தனி டம்ளரில் கிணற்றடியில் வைப்பார்கள். மாஸ்டர் முன் கதவைத் திறந்து, தன் டியூஷன் பிள்ளைகள் கணக்குப் படிக்கும் மேசையில் என்னை உட்கார வைத்தார். நான் எங்கே படித்தேன், என்ன படித்தேன் என்று கேட்டார். அம்மா, அதாவது அவர் மனைவி, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

அனுப்பும்போதே நானா சொல்லியிருந்தார்: "பொஸ்தகத்த அப்புறம் பாரு. டிரைவர் கதவுட கீல்கிட்ட ரப்பர் குழாயொண்டு இரிக்கு. தொறந்து மூடித் தொறந்து மூடி அதுக்குள்ளதான் வயர் அறும். மொதல்ல அதக் கழட்டிக் கையால இழுத்துப் பாரு."

நான் பார்க்கவில்லை. கையால் தடவிப் பிழை கண்டுபிடிப்பது படிக்காதவர் செய்யும் வேலை என்று எனக்குள் ஓர் எண்ணம். மாஸ்டரின் முன்னால் சேர்கிட் படத்தை விரித்து வைத்து, பென்சிலால் கோடு பின்தொடர்ந்து, பூட்டை, அதாவது லொக்கை, இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் பழுது என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டது எனக்கு நன்றாக இருந்தது. பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி அதே மாதிரி ஒரு பழைய பெட்டி எடுத்து மூன்றாம் நாள் மாட்டினேன். கார் நின்ற இடத்திலேயே பத்துத் தடவை பூட்டித் திறந்தேன். பத்துத் தடவையும் சரி. பின்னேரம் மூன்று மணி போல, ஓடவிட்டுப் பார்ப்போம் என்று மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு காலி வீதியில் இறங்கினேன். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில்.

சாவடியில் மறித்தார்கள். கண்ணாடியை இறக்கி இரண்டு அட்டைகளையும் கொடுத்தோம். மாஸ்டரின் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஆமிக்காரர் "பஹின்ன" என்றார். இறங்கச் சொல்கிறார். மாஸ்டர் கதவின் குமிழை மேலே இழுத்தார். அது 'டக்' என்று கீழே இறங்கியது. மறுபடியும் இழுத்தார், மறுபடியும் இறங்கியது. வெளியே இருந்து ஆமிக்காரர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். நாங்கள் வேண்டுமென்றே பூட்டுகிறோம் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். அவருக்குப் பின்னால் நின்றவர் துப்பாக்கியைத் தூக்கினார். மாஸ்டருக்குச் சிங்களம் அதிகம் வராது. "வேலை செய்யுதில்லை, வேலை செய்யுதில்லை," என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸைப் பிடுங்கினால் கதவு அடங்கும். ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் கீழே கையை விட முடியாது. முதலில் சொல்ல வேண்டும். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். லொக் பழுது, நான்தான் பாஸ், மூன்று நாளாகத் திருத்துகிறேன், பிழை என்னுடையது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை.

நான் சொன்னது: "மம ஹட்டன், வத்தே. யாப்பனே நெவெய்." நான் ஹட்டன், தோட்டம். யாழ்ப்பாணம் இல்லை.

"அப்ப இவர்?" என்று ஆமிக்காரர் கேட்டார்.

யாழ்ப்பாணம் என்றேன். அவரை எனக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் லொக் பார்க்க ஏறினேன் என்றேன். அதற்குப் பிறகுதான் ஃபியூஸைப் பற்றிச் சொன்னேன். அனுமதித்தார். குனிந்து பிடுங்கினேன். கதவு சாதுவாகத் திறந்தது.

வீதியோரம் நிறுத்தி, இவன் யார் என்று மாஸ்டரிடம் கேட்டார்கள். தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னார்: எங்கள் பாஸ், மூன்று நாளாக எங்கள் வீட்டில். இரண்டு பேர், இரண்டு கதை. ஆமிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். அப்போதாவது திருத்தியிருக்கலாம். நான் கையில் இருந்த ஃபியூஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் அட்டை திரும்பி வந்தது. மாஸ்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். காரை எடுத்துக்கொண்டு போகும்படி எனக்குச் சொன்னார்கள்.

காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கேட்டைத் திறந்து, ஓட்டும் இடத்தில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன், கதவு திறக்கவில்லை என்றேன்.

"உம்மை விட்டிட்டு அவரை மட்டும் ஏன் தம்பி கொண்டு போனவங்கள்?"

"தெரியலைங்கம்மா," என்றேன். ஒரே நாளில் இரண்டாம் தடவை தெரியாது என்றேன்.

அவர் மாஸ்டரின் பத்திரங்களையும், தமிழர் வீடு என்பதால் ஆட்களைப் பொலிசில் பதிந்த துண்டையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஓடினார். முற்றத்தில் நானும் காரும். சும்மா நிற்க முடியவில்லை. டிரைவர் கதவைத் திறந்து, கீலடியில் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றினேன். உள்ளே ஒரு வயரை மெல்ல இழுத்ததும் கையோடு வந்தது. செம்பு பச்சை பிடித்து, உறைக்குள்ளேயே அறுந்து, வண்டி குலுங்கும்போது பக்கத்து வயரில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றி ஃபியூஸைப் போட்டேன். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு கதவை அடித்து அடித்து மூடிப் பார்த்தேன். ஒரு தடவையும் பிசகவில்லை.

மாஸ்டர் அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வந்தார். நானாவிடம் வயரைப் பற்றிச் சொன்னேன். அறையில் சொன்னேன். மாஸ்டர் வீட்டு அம்மாவிடமும் சொன்னேன், என் பிழைதான், குழாயைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று. வயரைப் பற்றி எல்லாரிடமும் சொல்ல முடிந்தது.

மற்றதைச் சொல்ல இரண்டு நாள் கழித்துப் போனேன். மாஸ்டர் அதே மேசையில் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னார், நான் நின்றேன். "அன்றைக்கு நான் சொன்னது" என்று தொடங்கினேன். அவர் பேனையை மூடினார்.

"நீர் பொய் சொல்லேல்லை. நான் யாழ்ப்பாணம்தானே. நீர் இல்லைத்தானே." மூடிய பேனையை விடைத்தாள் மேல் வைத்தார். "ஆனா மூண்டு நாள் இந்த மேசையிலை என்னோடை இருந்து தேத்தண்ணி குடிச்சனீர். தெரியாது எண்டு எப்பிடித் தம்பி சொன்னனீர்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கில் எந்த வரியில் பிழை விட்டாய் என்று மாணவனிடம் கேட்பது போல, உண்மையாகவே விடை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டியூஷன் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கதவு இப்போது நல்லாய் வேலை செய்கிறது என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார்.

கொட்டாஞ்சேனைக்கு பஸ் எடுத்தேன். வழியில் மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். சிங்களவர்கள் அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பி ஏறிக்கொண்டார்கள். தமிழர்கள் ஏழெட்டுப் பேர் மதில் ஓரமாக வரிசையில் நின்றோம். இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அட்டையை நீட்டிவிட்டுச் சும்மா நின்றேன். என்ன கேட்டாலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன், மற்றவர்களோடு எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். அதனால் மாஸ்டருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் நின்றேன்.

ஆமிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பிறந்த இடத்தை வாசித்தார். "ஹட்டன் நேத? யன்ன," ஹட்டன்தானே, போ என்று பஸ்ஸைக் காட்டினார். நான் அசையவில்லை. தோளில் தட்டி மறுபடியும் காட்டினார். முகத்தில் சிநேகம்கூட இருந்தது. என் கால்கள் நடந்தன. பஸ்ஸில் ஏறி ஜன்னலால் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் ஓர் அடி முன்னுக்கு வந்து, நான் நின்ற இடத்தில் நின்றார். வரிசையில் இடைவெளியே தெரியவில்லை. பஸ்ஸுக்குள் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எல்லாரையும் இறக்கும் வரை அதில் இருந்தவர் இன்னும் அந்த மதிலோரத்தில்தான் நின்றார். கண்டக்டர் மணியை அடித்தார்.