ஈர்க்குப் பாடை

சுங்கை பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் யார் செத்தாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. ஆனால் பாடை கட்டுவதில் அவரை விட்டால் ஆளில்லை. மூங்கிலைப் பிளந்து, பச்சை ஓலை முடைந்து, மேலே வண்ணக் காகித வளைவு வைத்து அவர் முடிச்சுப் போட்டால் இடுகாடு வரை துளி ஆட்டம் இருக்காது. அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் கண்ணீரோடு வருவதைப் பார்த்து, அப்பாவிடம் ஊருக்கே பயபக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையில் தலை நிமிர்ந்து திரிந்த எட்டு வயதுப் பெண் நான்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த சார் கைவேலை வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்தார். வீட்டில் பெரியவர்கள் செய்கிற எதையாவது நீங்களே சிறிதாகச் செய்து காட்டுங்கள் என்று ஈர்க்கும் சணலும் காகிதமும் களிமண்ணும் பரப்பி வைத்தார். பூக்காரர் மகள் மாலை கட்டினாள். மாட்டுவண்டிக்காரர் மகன் களிமண்ணில் மாடு பிடித்தான், கொம்பு மட்டும் நிற்கவில்லை. நான் பாடை கட்டினேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிக நீளம், அப்பா போடுகிற அதே முடிச்சு, தலைமாட்டில் சிவப்புக் காகிதப் பூ. அதைவிட நன்றாக என் ஆயுளில் நான் எதையும் செய்ததில்லை.

ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்த சார் என்னிடம் நின்றார். முகம் கறுத்தது. பிரம்பு என் புறங்கையில் இறங்கியது.

"சனியனே, பள்ளிக்கூடத்துல வெக்கிற சாமானா இது? எடுத்துட்டு வெளிய போ."

அடி வலித்ததைவிட, கொம்பில்லாத மாடு செய்தவனை அவர் தட்டிக்கொடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

வீட்டில் கைக்குழந்தையான தம்பிக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல். பால் குடிக்காமல் தூளியில் கிடந்தான். பாடையைத் தூக்கிக் காட்டி அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். கஞ்சியோடு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "இவ என்னத்த கொண்டாந்திருக்கா பாத்தியாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்த அக்கா அதைப் பிடுங்கிக் கொல்லையில் வீசினாள். நான் எடுத்து விறகுக்கடியில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் விடிந்தபோது தம்பி போய்விட்டான். அம்மா என் முகத்தில் விழிக்கவே மறுத்தாள். நான் அழுதேன். அழுகைக்கு நடுவிலும் அப்பா மூங்கில் வெட்டப் போவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தியைத் தொடவே இல்லை. சுவரில் சாய்ந்து, கைகள் இரண்டையும் மடியில் போட்டபடி இருந்தார். விறகுக்கடியில் இருந்ததை எடுத்து வந்து நீட்டினேன்.

"அப்பா, இது தம்பிக்குச் சரியா இருக்கும்பா."

அவர் வாங்கி, ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்க, தாயி."

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தம்பியை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தார்.

கைக்குழந்தைக்குப் பாடை கிடையாது, பெற்றவன் கையிலேயேதான் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஊருக்கெல்லாம் கட்டியவருக்குத் தன் பிள்ளைக்கென்று ஒரு முடிச்சுகூடப் போட வழியில்லை. இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அவர் திரும்பி வரும் வரை வாசலில் உட்கார்ந்து, எந்த முடிச்சில் தப்பு செய்தேன் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தேன்.