இரண்டு அங்குலம் கூடிய பெல்ட்

செய்தி என் வீட்டு ஆன்சரிங் மெஷினில் கிடந்தது. "தம்பி, அண்ணை போயிட்டார். வாசல்ல ஸ்னோ தள்ளிக்கொண்டு நிண்டவர், அப்பிடியே இருந்திட்டார்." அண்ணையின் மனைவி புவனா அக்காவின் குரல். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நெஞ்சு வருத்தக்காரன் ஸ்னோ தள்ளக்கூடாது என்று டொக்டர் சொன்னார், நான் சொன்னேன், அக்கா ஸ்னோ அள்ளுகிற சவளையே ஒளித்து வைத்தார். தர்மலிங்கம் அண்ணை யார் சொல்லைக் கேட்டவர்?

உங்களில் பலர் அவரைக் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு கண்டிருப்பீர்கள். என்ன வேலை என்று கேட்டால் "டிரைவிங்" என்பார். அது பாதி உண்மை. நானும் அவரும் ஒரு கம்பனியின் இரும்பு வான் வண்டியில் போய், மோல்களிலும் கடைகளிலும் காசுப் பைகளை எடுத்து வங்கியில் சேர்க்கிறவர்கள். இருவர் இடுப்பிலும் கைத்துப்பாக்கி இருக்கும். சனம் பயப்படாமல் இருக்க, கடைக்குள் போகும்போது ஜாக்கெட் அதை மூடியிருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பனியின் கட்டளை. பின்னேரம் துப்பாக்கியை டிப்போவில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். துப்பாக்கியும் உறையும் கம்பனியுடையவை. பெல்ட் மட்டும் எங்களுடையது.

இந்தத் துப்பாக்கி விஷயம் அவருடைய மனைவிக்குத் தெரியாது. புவனா அக்காவின் தம்பியை ஊரில் பட்டப்பகலில், சைக்கிள் கடை வாசலில் வைத்து, சட்டைக்குள், இடுப்பில் இருந்து பிஸ்டலை எடுத்து ஒருவன் சுட்டான். அன்றிலிருந்து அக்கா எந்த ஆம்பிளையைக் கண்டாலும் முகத்துக்கு முதல் இடுப்பைத்தான் பார்ப்பார். எங்கள் ஊரில் அந்தச் சண்டை நாளில் பலருக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

"அக்காவிட்டைச் சொல்லிப்போடுங்கோ அண்ணை" என்று வானுக்குள் இருந்து நான் கத்தாத கிழமை இல்லை.

"உமக்கென்ன விசரே? சொன்னனெண்டா அவ நித்திரை கொள்ளமாட்டா. நாளைக்கு வேலையை விடு எண்டுவா. விட்டிட்டு என்னத்தைச் செய்யிறது?"

அவருக்குத் தொடக்கத்திலிருந்தே வாய்த்ததெல்லாம் தொங்கல் பெல்ட்கள். துப்பாக்கியின் பாரத்தில் ஒரு பக்கம் இறங்கும், இவர் ஏற்றுவார், அது திரும்ப இறங்கும். கடைசியில் தனக்குத்தான் பெல்ட் தெரியும் என்று, ஊரில் கடை முதலாளிமார் சாரத்துக்கு மேல் கட்டுகிற அகலப் பெல்ட் ஒன்றை இங்கே ஸ்காபரோவில் தேடிப் பிடித்தார். காற்சட்டை வளையங்களுக்குள் அது போகவில்லை. உடனே என்ன செய்தார் தெரியுமா? கீழ்முதுகைப் பிடித்துக்கொண்டு "நாரி நோகுது, அகலப் பெல்ட்தான் நல்லது" என்று சொல்லி, அந்த வளையங்களை அக்காவைக் கொண்டே பிரித்துப் பெரிதாகத் தைப்பித்தார்! யாருக்கு மறைக்க வேண்டுமோ அவரிடமே தையல் வேலை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அகலம் இருந்து என்ன, அது மெத்தென்ற தோல். ஒரு நாள் மோலில் காசுப் பையைத் தூக்கக் குனிந்தார். பெல்ட் மடிந்தது, துப்பாக்கி வெளிப்பக்கம் சரிந்தது, ஜாக்கெட் மேலே ஏறியது. செருப்புக் கடைக்காரி வீறிட்டுக் கத்தினாள். கம்பனி மேலாளர் கூப்பிட்டு, அடுத்த கிழமைக்குள் சரியான பெல்ட் இல்லாவிட்டால் வானில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க என்னை மோல் மோலாக இழுத்தார். ஒரு தோல் கடைக்காரர் விளங்கப்படுத்தினார்: இரண்டு தோலை ஒட்டித் தைத்திருக்க வேண்டும், நீளத்துக்குப் பிடித்து முறுக்கினால் துணி மாதிரிச் சுருளக்கூடாது, வளையத்துக்குள் ஆடாமல் இருக்க வேண்டும், உறையையும் சேர்த்துக் கட்டுவதால் இடுப்பளவைவிட இரண்டு அங்குலம் கூட வாங்க வேண்டும். அப்படி ஒன்றை எடுத்தும் தந்தார். அண்ணை கண்ணாடியில் பார்த்தார்.

"உது பொலிஸ்காரன்ரை பெல்ட் மாதிரிக் கிடக்கு. புவனா கண்டா உடனை பிடிச்சிடுவா."

"அப்ப வேலைக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு வைச்சிருங்கோ."

"ஒரு இடுப்புக்கு ரெண்டு பெல்ட்டோ? காலமை ஒண்டோடை போறன், பின்னேரம் வேறையொண்டோடை வாறன், அவ என்னை என்னெண்டு நினைப்பா?"

வேலை போகப் போகிறது, மனுசனுக்கு இந்தக் கவலை. இனி உங்களோடு கடைக்கு வந்தால் என்னைச் செருப்பால் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு நான் பஸ் எடுத்து வந்துவிட்டேன்.

திங்கள் காலை டிப்போவுக்குப் புதுப் பெல்ட்டோடு வந்தார். மண்ணிறம், சாதாரணப் பித்தளைக் கொளுக்கி, கோயிலுக்கும் கட்டிக்கொண்டு போகலாம். நான் இழுத்து முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இரட்டைத் தோல்.

"புவனா வாங்கித் தந்தவ. நாரிக்கு நல்லதாம். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் அவவுக்கு என்ரை இடுப்பளவு தெரியேல்லை பாரும். ரெண்டு இஞ்ச் கூட வாங்கிப்போட்டா!" என்று சிரித்தார். துப்பாக்கியைச் செருகிக் கட்டினார். கச்சிதமாக இருந்தது. "கடவுளாப் பாத்துத் தந்தது" என்றார். நானும் அதை நம்பினேன். என் மூளையும் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

சென்ற வாரம், செத்தவீடு முடிந்த அடுத்த நாள், அஜக்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கம்பனி உடுப்புகளை மடித்து வைத்திருந்தார்.

"உதுகளைத் திருப்பிக் குடுத்துவிடும் தம்பி. பெல்ட் எங்கடை. அதை நீர் வைச்சிரும்."

"எனக்கு என்னத்துக்கு அக்கா?"

"உமக்கும் பிஸ்டல் தாங்கத்தானே வேணும்."

அக்கா என் இடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவற்றை நடையிலை தெரியாதே? அதை அங்கை வைச்சிட்டு வந்தாலும் ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சுதான் வருவார். தோல் கடைக்குப் போய், இடுப்பிலை கையை வைச்சுக் காட்டி, இதுக்குத் தோதா, ஆனா பாத்தாத் தெரியாத மாதிரித் தாங்கோ எண்டனான்."

"பிறகேன் அவரிட்டைச் சொல்லேல்லை?"

"எனக்குத் தெரியாது எண்ட நினைப்பிலைதான் சிரிச்சுக்கொண்டு வீட்டை வருவார் தம்பி. தெரிஞ்சுதெண்டா அந்தச் சிரிப்புப் போயிடும். நான் நித்திரை கொள்ளுறேல்லைத்தான். அவர் கொள்ளட்டும் எண்டு விட்டிட்டன்."

எனக்கு இரண்டு பேர் மீதும் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்கும். அவர் இவவுக்கு மறைக்க, இவ அவருக்கு மறைக்க, இந்த மனுசி இத்தனை வருடம் தனியாக முழித்துக் கிடந்திருக்கிறார். யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? சண்டை பிடிக்க வேண்டியவர் போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெல்ட்தான். இன்று காலை டிப்போவில் துப்பாக்கியைச் செருகி அதைக் கட்டினேன். அவர் வழக்கமாகப் போட்ட ஓட்டை தேய்ந்து நீண்டிருக்கிறது, நான் அடுத்த ஓட்டையில் போட்டேன். வானுக்குள் பக்கத்தில் புது ஆள் இருந்தான், அதனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவவுக்கு உங்கடை இடுப்பளவு நல்லாத் தெரியும் அண்ணை.