மெஹ்ரீன் மிஸ் வரைந்த ஏரி

மெஹ்ரீனை முதன்முதலில் ஏமாற்றுக்காரி என்று சொன்னது ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மூக்கைத் தேய்த்துக்கொண்டே, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் மெஹ்ரீன் டிராயிங் டீச்சர். அங்கே முதல் மாடி வராந்தா ஒரு மொட்டைச் சுவரில் போய் முட்டி நிற்கும். 2005 கோடை விடுமுறையில் அந்தச் சுவரில் அவள் வராந்தாவை மேலும் நீட்டி வரைந்தாள். அதே சிவப்புத் தரை, இடுப்பு உயரத்துக்கு அதே பச்சைப் பெயிண்ட், அதே தூண்கள், வகுப்பறைக் கதவுகள் வரிசையாக, கடைசியில் மேலே ஏறும் ஒரு படிக்கட்டு. பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் அதை நோக்கி ஓடினார்கள். பக்கத்தில் போனதும் நின்றார்கள், கையால் தடவிப் பார்த்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஓடிப்போய் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஏமாந்தவர் யாரும் முகம் சுளித்துக்கொண்டு போனதாக மெஹ்ரீனுக்கு நினைவில்லை.

அந்தச் சிரிப்பின் ருசி அவளுக்கு ஆறு வயதில் பிடிபட்டது. பெருநாளுக்குப் படம் எடுக்க அவள் அத்தா பல்லாவரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போயிருந்தார். பின்னால் தொங்கிய திரையில் ஒரு பங்களா, அதற்குள் ஏறும் பளிங்குப் படிகள். மெஹ்ரீன் காலைத் தூக்கி முதல் படியில் வைத்தாள். படி ஆடியது. பங்களாவே ஆடியது. தெரிந்த பிறகும் நாலு தடவை காலை வைத்துப் பார்த்தாள். கண் படி என்கிறது, கால் துணி என்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் இருந்துகொண்டு சண்டை போடுவது அவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது.

வளர்ந்ததும் அதற்கான கணக்கைத் தேடித் தேடிக் கற்றாள். நடைபாதையில் சாக்பீஸால் பள்ளம் வரைந்த படங்களை யாரோ ஈமெயிலில் அனுப்ப, பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு: படம் ஓர் இடத்திலிருந்து பார்த்தால்தான் நிஜம். இரண்டடி தள்ளி நின்றால் குட்டு உடைந்துவிடும். உடையத்தான் வேண்டும், அதில்தான் விளையாட்டே இருக்கிறது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த வைத்தீஸ்வரன் அந்த வராந்தாவில் ஏமாந்தார். அவர் மகள் ஏழாம் வகுப்பில் படித்தாள். பெருங்களத்தூரில் ரயில்வே லைனைத் தாண்டி உள்ளே 'லேக் அண்ட் லீஃப்' என்று ஓர் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே மெஹ்ரீன் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"காம்பவுண்டு சுவர் மொட்டையா நிக்குது மேடம். குடி வர்றவங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு ஏரி, நாலு மரம் வரைஞ்சு குடுங்க. முதல் மாடி பால்கனில நின்னா நல்லா தெரியணும்."

மெஹ்ரீனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்தடிச் சுவர், அதன்மேல் இன்னும் ஐந்தடிக்குத் தகரம் அடித்து உயர்த்தியிருந்தார்கள். அவ்வளவு பெரிய சுவரை அவளுக்கு யார் தருவார்கள்? முழுப் பரீட்சை லீவில் இருபத்திரண்டு நாள் போனாள். கணவன் அஃப்தாப் காலையில் செல்போன் கடையைத் திறக்கும் முன் கூடவே வருவான். இவள் பால்கனியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று "இன்னும் கொஞ்சம் இடது, போதும் போதும்" என்று கத்த, அவன் கீழே சாரத்தில் நின்று சாக்பீஸால் குறி வைப்பான். பால்கனியில் நிற்பவரின் கண்மட்டம் எதுவோ, அங்கே அடிவானத்தை வைத்தாள். சுவரும் தகரமும் சேரும் கோடு அதில் மறைந்தேபோனது. கீழே தண்ணீர், கரையில் வேப்பமரங்கள், ஒரு சிமென்ட் பெஞ்சு, பெஞ்சின் மேல் ஒரு காக்கை. காக்கையின் நிழல் மட்டும் தப்பான பக்கம் விழுந்துவிட்டது. திருத்த நேரமில்லாமல் விட்டுவிட்டாள்.

நாற்றத்தையும் சொல்ல வேண்டும். வரைந்த நாளெல்லாம் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் வரைந்தாள்.

"அந்தாண்ட குப்பமேடு கீதும்மா," என்றார் வாட்ச்மேன் குப்பன். "எங்கெங்கிருந்தோ லாரி லாரியா கொண்டாந்து கொட்டிகினு போறானுங்கோ. மழ பேஞ்சா இன்னும் பேஜாரு."

அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். பிற்பாடு அதைத் தன்னிடமே பலமுறை கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு, அசிங்கத்தை அழகால் மறைத்தால் நல்லதுதானே என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

2007 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள், கணக்கு டீச்சர் ஜீவிதா ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பளபளவென்று ஒரு பிரோஷரை விரித்தாள்.

"மிஸ், இதுதான் எங்க வீடு. ஃபர்ஸ்ட் ஃப்ளோர். பால்கனில நின்னா லேக் வ்யூ. புக் பண்ணிட்டோம்!"

படத்தைப் பார்த்த மெஹ்ரீனுக்கு வாயிலிருந்த சாக்லேட் கசந்தது. வேப்பமரம், சிமென்ட் பெஞ்சு, பெஞ்சில் காக்கை. நிழல் தப்பான பக்கம்.

"ஜீவிதா, இந்த ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல மிஸ். அந்தப் பக்கம் வேலை நடக்குதாம், கீ குடுக்கறப்போதான் விடுவாங்களாம். சாம்பிள் ஃப்ளாட்ல இருந்து கண்ணாடி வழியா பார்த்தோம். சாயங்காலம், ஏசி எல்லாம் போட்டு... சூப்பரா இருந்துச்சு."

"பால்கனில நின்னு பார்க்கலையா?"

"கதவைத் திறந்தா தூசி வரும்னு சொன்னாங்க."

"அது ஏரி இல்லைம்மா. சுவரு. நான் வரைஞ்சது."

ஜீவிதா சிரித்தாள். மெஹ்ரீன் மிஸ் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தாள். மெஹ்ரீன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"அப்போ சுவத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"குப்பைமேடு."

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் வரைஞ்சீங்களா?"

ஜீவிதா பிரோஷரைக்கூட எடுக்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மெஹ்ரீன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பெருங்களத்தூர் பஸ் ஏறினாள். கோபம் வைத்தீஸ்வரன்மேல் பாதி, தன்மேல் பாதி.

சைட் ஆபீஸில் வைத்தீஸ்வரன் எழுந்து நின்று வரவேற்றார். பிரோஷரை அவர் மேஜைமேல் போட்டாள்.

"இது என்ன சார்?"

"உங்க ஒர்க்தான் மேடம். எல்லாரும் அசந்துபோறாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன். அடுத்த பிராஜெக்ட் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். அங்க ஒரு மலை வேணும்."

"ஏரி இருக்குன்னு சொல்லி வீடு விக்கறீங்க."

"ஏரி இருக்குன்னு நான் எங்க எழுதியிருக்கேன்? கீழ படிங்க."

படித்தாள். எறும்பு எழுத்தில் இருந்தது: காட்சிகள் ஓவியரின் கற்பனைக்கு உட்பட்டவை. அவள் பெயரைச் சொல்லாமல் அவளையே சாட்சிக்கு இழுத்திருக்கிறான் என்று மெஹ்ரீனுக்குத் தோன்றியது.

"பேரு மட்டும் லேக் அண்ட் லீஃப். பேருல என்ன இருக்கு?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்களே சொல்லுங்க மேடம். ஸ்கூல்ல நீங்க பண்ணதும் இதேதானே? இல்லாத படிக்கட்டை இருக்கற மாதிரி காட்டினீங்க. என் பொண்ணு ஓடிப்போய் முட்டிக்கிட்டா. நீங்க பண்ணா ஆர்ட்டு, நான் பண்ணா ஃபிராடா?"

"என் சுவத்தை உங்க பொண்ணு தொட்டுப் பார்த்தா சார். தொட்டுட்டு சிரிச்சா. நீங்க பால்கனிக் கதவைத் திறக்கவே விடறதில்ல. எங்க ஒருத்தரையாவது தொட விடுங்க பார்க்கலாம்!"

அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார். மெஹ்ரீன் டீக்கு நிற்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு நாள் வெயிலில் காய்ந்து தான் செய்த வேலையை, எவனோ ஒருவன் ஊரான் சம்பாத்தியத்துக்குத் தூண்டில் புழுவாக்கிவிட்டு, நீயும் நானும் ஒரே ஜாதி என்கிறான்!

"போலீஸ்ல சொல்லலாமா?" என்றான் அஃப்தாப், வீட்டில் எல்லாம் கேட்டுவிட்டு.

"சொன்னா அந்த எறும்பு எழுத்தைக் காட்டுவான். நான் வரைஞ்சதை நானே உடைக்கிறேன்."

"பெயிண்ட் ஊத்தப் போறியா? அவங்க சுவரும்மா அது."

"ஒரு சொட்டு பெயிண்ட் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் போனாள். வரச் சொல்லியிருந்தும் ஜீவிதா வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ஜீவிதா கேட்டுக்கு வெளியே புருஷனோடு நின்றுகொண்டிருந்தாள். மெஹ்ரீனைக் கண்டதும் கூட நடந்தாள்.

கம்பெனி வேனில் வந்த நான்கு குடும்பங்கள் சாம்பிள் ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டுப் படியிறங்க இருந்தன. மேலே இரண்டாம் மாடி இன்னும் பூச்சுப் பூசாமல் கிடந்தது. படியின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. மெஹ்ரீன் குப்பனைப் பார்த்தாள். குப்பன் அவளைப் பார்த்தார்.

"நா டீ குடிக்கப் போறேம்மா," என்றார். கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க," என்றாள் மெஹ்ரீன். வகுப்பில் பேசும் அதே குரல்; அத்தனை பேரும் நின்றார்கள். "நீங்க பார்த்தீங்களே ஏரி, அதை வரைஞ்சது நான்தான். டிராயிங் டீச்சர். அது படம். நம்பலைன்னா இன்னும் ஒரு மாடி ஏறிப் பாருங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

மார்க்கெட்டிங் ஆள் குறுக்கே பாய்ந்தான். "மேடம், அது சேஃப்டி இல்ல, மேல போகக் கூடாது!"

"பத்து படி ஏற சேஃப்டி இல்லையாம், இருபது வருஷம் குடியிருக்கலாமாம்," என்றாள் ஜீவிதா. அவள்தான் முதலில் ஏறினாள். அவள் பின்னால் எல்லோரும்.

முதல் மாடிக் கண்மட்டத்துக்குப் போட்ட கணக்கு இரண்டாம் மாடியில் செத்தது. படுத்திருந்த ஏரி, கொடியில் காயப்போட்ட போர்வைபோல் நிமிர்ந்து தொங்கியது. வேப்பமரங்கள் அடியில் குட்டையாகி, தலை வீங்கிச் சாய்ந்தன. பெஞ்சு நசுங்கிய தகர டப்பாவாகியிருந்தது. அதற்கு மேலே, தகர வானத்தின் விளிம்பைத் தாண்டி, புகைந்துகொண்டு ஒரு மலை. பிளாஸ்டிக், பன்றிகள், கறுப்புத் தண்ணீர். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பள்ளிக்கூடச் சுவரில் ஏமாந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

மெஹ்ரீன் தன் படத்தை அங்கிருந்து பார்த்தாள். இவ்வளவு கோணலான ஒன்றைத் தன் வாழ்நாளில் வரைந்ததில்லை என்று நினைத்தாள்.

மறுநாளே பள்ளிக்கு போன் வந்துவிட்டது. பள்ளி ஹாலுக்கு ஃபேன் எல்லாம் மாட்டிக்கொடுத்தது வைத்தீஸ்வரன். கரஸ்பாண்டென்ட் மெஹ்ரீனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "சுவர் அவருடையது. ஏரி என்னுடையது. அது பொய் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு." கரஸ்பாண்டென்ட் அதை இரண்டு முறை படித்தார். அந்த வாரக் கடைசியில் ஆள் வைத்து முதல் மாடி வராந்தாவுக்குச் சுண்ணாம்பு அடித்தார். திங்கட்கிழமை பிள்ளைகள் மொட்டைச் சுவரின் முன்னால் நின்று தடவித் தடவிப் பார்த்ததைக் கண்டபோதுதான் மெஹ்ரீனுக்கு அழுகை வந்தது. பரீட்சை முடியும்வரை இருந்துவிட்டு வேலையை விட்டாள். கோவிலம்பாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் இடம் கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போனாள்.

வைத்தீஸ்வரனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இதுதான் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. அந்த நான்கு குடும்பங்கள் வாங்கவில்லை. அவர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, மூன்று மாதம் பேசாமல் இருந்தார். நிலத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் மீதி வீடுகளை ஏரி இல்லாமலே விற்றுவிட்டார். ஜீவிதாவால் பின்வாங்க முடியவில்லை. லோன் கையெழுத்தாகிவிட்டது. 2008இல் பால் காய்ச்சினாள். மெஹ்ரீனுக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் குப்பைமேட்டுத் தண்ணீர் அந்த அடுக்குமாடியின் கிணற்றில் இறங்கியது. குடியிருந்தவர்கள் மனு மேல் மனு போட்டுப் பார்த்தார்கள். ஒரு காலையில் எல்லோரும் குப்பை லாரிகளின் முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். செய்தி அஃப்தாப் கடைக்கு வந்த யாரோ சொல்லித் தெரிந்து, மெஹ்ரீன் அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். ஜீவிதா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து, தான் விரித்திருந்த செய்தித்தாளில் பாதியைத் தள்ளிவிட்டாள்.

"உக்காருங்க மிஸ்."

மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் திரும்பிப் போயின. பத்து நாளில் வேறு வழியாக வந்தன; அங்கேயும் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் கொட்டுவது நின்றது. கொட்டியது அப்படியே கிடந்தது.

குடியிருப்போர் அசோசியேஷன் கூட்டத்துக்கு மெஹ்ரீனையும் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்தார். "மேடம், அந்தப் பழைய ஏரியை மறுபடி வரைஞ்சு குடுத்துடுங்களேன். தெரிஞ்சுதானே பார்க்கப் போறோம்? பிள்ளைங்களுக்கு ஒரு சந்தோஷம்."

மெஹ்ரீன் ஜீவிதாவைப் பார்த்தாள். ஜீவிதாவின் மடியில் மனு எழுதும் நோட்டு இருந்தது.

"குப்பை போகட்டும், வரையறேன்," என்றாள் மெஹ்ரீன். "அதுவரைக்கும் மாட்டேன். பால்கனிக் கதவைத் திறந்தா என்ன தெரியுதோ, அதையே பார்த்துக்கிட்டு இருங்க. அப்பதான் மனு எழுதக் கை வரும்."

ஜீவிதா நோட்டைத் திறந்து, கலெக்டர் அவர்களுக்கு என்று எழுத ஆரம்பித்தாள்.