வராத சுறாவுக்கும் காத்திருந்தவர்

ஒஸ்லோ மெட்ரோ ரயில் வெஸ்ட்லியை நெருங்கும்போது தொலைபேசி அடித்தது. பக்கத்து நகரமான திராமனிலிருந்து றெஜினா அக்காவின் தங்கை. "தம்பி, அக்கா மத்தியானம் மோசம் போயிட்டா." கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். எதிர்பார்த்த சாவுச் செய்திதான். எதிர்பார்த்தே களைத்துப்போயிருந்தோம்.

மன்னாரில் பிறந்து ஒஸ்லோவில் வாழ்ந்த றெஜினா அக்காவை உங்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுவில் அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் கடல் ஆய்வு நிலையத்தில் பக்கத்து மேசைக்காரர். ஆண்டுதோறும் தென்னாப்பிரிக்கக் கடலுக்குப் போய் வெள்ளைச் சுறாக்களைப் படம் எடுத்து வருவார். முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகள் சுறாவுக்குச் சுறா மாறும். அவற்றை வைத்து இது இன்ன சுறா என்று அடையாளம் காண்பது அவர் வேலை. படங்களை ஒப்பிடும் மென்பொருள் எழுதுவது என் வேலை.

ஒருமுறை என்னையும் அழைத்துப்போனார். படகருகே சுறா எழுந்ததும் நான் கேமராவைத் தூக்கினேன். அவர் அதைக் கையால் தாழ்த்தினார்.

"முதல் பாருங்கோ. படம் பிறகு எடுக்கலாம்."

"அது கடிச்சிடாதோ அக்கா?"

"உங்களையோ? அதுக்கு வேற வேலை இருக்கு."

படகில் பாதிக்கு மேல் நீளமான அந்த உடல், ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்தபடி மெதுவாகத் திரும்பியது. துடுப்பில் மூன்று வெட்டுகள். அக்கா பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த பெண் சுறா அது. அதற்கு எண் மட்டும்தான் உண்டு. பெயர் வைக்க மறுத்துவிட்டார். "பேர் வைச்சா, காணாட்டித் தேடத் தொடங்கிடுவம்."

பெயர் வைக்காமலே தேட நேர்ந்தது. ஓர்காத் திமிங்கிலங்கள் அந்தப் பக்கம் சுறாக்களையே வேட்டையாட வரத் தொடங்கிய பின் சுறாக்கள் குறைந்தன. பிறகு ஒன்றுகூடத் தென்படவில்லை. நோய் கண்டபின், சிகிச்சைகளுக்கு இடையிலும் அக்கா போய்க்கொண்டே இருந்தார். ஒரு படமும் இல்லாமல் திரும்பிவந்த ஒரு முறை, சலிப்பாக இல்லையா என்று கேட்டேன்.

"சலிப்புத்தான். ஆனா, வரேல்லை எண்டதையும் ஆரோ ஒராள் இருந்து பாக்க வேணுமெல்லோ."

அண்மையில் வேறொரு படகிலிருந்து ஒரு படம் வந்தது. பழைய பெண் சுறாதான் என்றது மென்பொருள். என் கண்ணுக்கும் அப்படியே பட்டது. அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன். மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. அவளுக்கு நடு வெட்டு இன்னும் ஆழம்."

"இன்னொரு தடவை பாருங்க அக்கா."

பார்த்தார். "இது அவளில்லை. வேற ஒருத்தி, இளசு. புது எண் போடுங்கோ."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் கொண்டுபோனதை அவர் வேலையாகப் பார்த்து முடித்துவிட்டார்.

அடக்கத்துக்கு மறுநாள் அந்தப் புது எண்ணைப் பதிந்தேன். மனதுக்கு வேண்டிய விடை கைக்கெட்டும்போதும் அதை நம்பிவிடாமல் மறுபடி பார்க்கிற பொறுமை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அது என்னிடம் எவ்வளவு காலம் தங்குமோ தெரியவில்லை. வரும் பருவத்தில் அவர் இடத்தில் நான் அந்தக் கடலுக்குப் போகிறேன்.