ரஜ்ஜு தட்டிய சர்வர்

தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் எனக்கு வேலை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு முதலாளி. முதலாளிக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வெப்சைட் நடத்த ஆசை. பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் நட்சத்திரத்தைக் கணித்துப் பத்துப் பொருத்தமும் சொல்லும் புரோகிராமை எழுதியது நான். அதை வெப்சைட்டில் ஓட வைப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

அதே சமயம் மயிலாப்பூரில் என் ஜாதகமும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அடையாறிலிருந்து ஒரு வரன். பையனிடம் நான் ஒரு குறையும் கண்டதில்லை, பையனையே கண்டதில்லை. ஆனால் கல்யாணம் ஆனதும் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டு ஜோசியர் ரெண்டு விதமா சொல்றா. மெஷினுக்கு யார் மேலயும் பாசம் கிடையாது. உங்க ஆபீஸ்லயே பாத்துடலாம். பொருந்தினா கல்யாணம், இல்லேன்னா விட்டுடறேன்" என்றார் அப்பா.

மறுநாளே ஆபீசில் என் லாகினிலிருந்து இரண்டு ஜாதகத்தையும் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பொருத்தம். ஆத்திரத்தில் திரையை அணைத்தேன்.

ஒரு ஆறுதல், அப்பா வந்து பார்க்க வெப்சைட் இன்னும் ஓடவில்லை. பட்டனை அழுத்தினால் பக்கத்தின் பின்னால் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் என் புரோகிராமைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டது. வந்ததோ 'இன்டர்னல் சர்வர் எரர்' என்ற மொட்டை வரி.

"இன்னாம்மா இது? நீ கையால தட்னா கரெக்டா வருது, பிரவுசர்ல போனா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது?" என்றார் முதலாளி.

விஷயம் சின்னதுதான். நான் தட்டும்போது கூப்பிடுவது நான். பிரவுசரிலிருந்து வரும்போது கூப்பிடுவது சர்வர். வீட்டு மனுஷிக்கு உளுந்து டப்பா எங்கே என்று தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது. புரோகிராம் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று முழு விலாசத்தையும் ஸ்கிரிப்டில் எழுதினேன். அடுத்து, அதை ஓட்ட உனக்கு அனுமதி இல்லை என்று, பிழைகளைக் குறித்து வைக்கும் எரர் லாகில் ஒரு புலம்பல். அனுமதியும் கொடுத்தேன். பக்கம் வந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று, நட்சத்திரத்தைக் காட்டாமல் பொருத்தங்களை மட்டும் காட்டச் சொன்னார் முதலாளி.

தொடக்க விழாவுக்கு நல்ல நேரம் குறித்தார்கள். முதல் வாடிக்கையாளர் என் அப்பா. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். முதலாளி கற்பூரம் காட்டி முடித்ததும், என் கல்யாணத்துக்கான பட்டனை நானே அழுத்தினேன்.

மூன்று பொருத்தம். ரஜ்ஜு இல்லை.

ரஜ்ஜு தட்டினால் மாங்கல்யத்துக்கே ஆகாது என்பார்கள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேட்ட வரம் கைக்கே வந்துவிட்டது. ஆனால் அது என் புரோகிராம். அது தப்புத் தப்பாக உளறுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பதா?

"தப்பு! எட்டு வரணும்" என்றேன்.

"எட்டா? உனக்கெப்படித் தெரியும்?" அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் பையனை அவ்வளவு பிடிச்சிருக்கா?"

நான் ஏற்கெனவே கீபோர்டில் குனிந்திருந்தேன். காரணம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் சர்வர் இருந்தது அமெரிக்காவில். என் லாகினில் இந்திய நேரம் என்று எழுதி வைத்திருந்தேன். சர்வர் தானாகக் கூப்பிடும்போது அதைப் படிப்பதில்லை. மயிலாப்பூரில் காலையில் பிறந்தவளை அமெரிக்கக் காலையில் பிறந்தவளாக்கி, அதாவது நம் சாயங்காலத்துக்குத் தள்ளி, அடுத்த நட்சத்திரத்தை என் தலையில் கட்டியிருந்தது. ஸ்கிரிப்டிலேயே இந்திய நேரம் என்று ஒரு வரி சேர்த்தேன். மறுபடி அழுத்தினேன்.

எட்டுப் பொருத்தம். ரஜ்ஜு உண்டு.

"பாருங்கோ!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல வந்தது நல்ல நேரத்துல வந்த வாக்கு. இப்ப ராகு காலம் பொறந்துடுத்து. ராகு காலத்துல வந்ததை நம்பிப் பொண்ணைக் கொடுக்கச் சொல்றியா?"

"அது மெஷினோட தப்புப்பா, நான் இப்பதான் சரி..."

"ரஜ்ஜு தட்டித்துன்னு காதுல விழுந்தாச்சு. போறும்."

நான் திருத்தினால் எடுபடாதாம், பிழைதான் எடுபடுமாம். அவமானமாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே எக்கச்சக்கமான சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் முகத்தில் காட்டாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அது அப்பாவுக்கு வேறு மாதிரி பட்டிருக்க வேண்டும்.

மயிலாப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக ரோஸ்மில்க் கடைக்கு அழைத்துப் போனார். எப்போது கேட்டாலும் தொண்டை கட்டும் என்று மறுப்பவர்.

"மனசைத் தேத்திக்கோ. வேலைக்குப் போயிண்டிரு, அதிலேயே மறந்து போயிடும்" என்றார் மெதுவாக.

மறக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும் என்ற முகத்துடன் இன்னொரு கிளாஸ் கேட்டேன்.